சந்தேகமா? உடனே கூப்பிடுங்கள்!

டெலிஃபோனின் கழுத்தைப் பிடித்து அமுக்கி, துண்டில் சுற்றி, மேஜையின் கீழ் இழுப்பறைக்குள் திணித்துக்கொண்டிருந்தார் பதில் சார். உள்ளே போன பிறகும் அது அடங்கவில்லை. போர்வைக்குள் மாட்டிக்கொண்ட பூனை மாதிரி 'ட்ர்ர்... ட்ர்ர்...' என்று முனகியது.

வராந்தாவில் மேனேஜர் மேடத்தின் செருப்புச் சத்தம் நெருங்கியது.

பதில் சார் இழுப்பறையை முழங்காலால் இடித்து மூடினார். இரண்டு முறை பலமாக இருமினார்.

"உடம்பு சரியில்லையா?" என்று கதவருகே நின்றார் மேடம்.

"லேசா தொண்டை கட்டிக்கிச்சு மேடம்."

"என்னவோ சத்தம் கேக்குதே?"

"அதுவும் தொண்டைதான் மேடம்."

மேடம் அவர் தொண்டையை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். செருப்புச் சத்தம் தேய்ந்ததும் பதில் சார் பாய்ந்து இழுப்பறையைத் திறந்தார். துண்டைப் பிரித்து ரிசீவரை எடுத்தார்.

"வணக்கம்ங்க, கேள்வி பதில் பிரிவு..."

"ஏங்க, எவ்வளவு நேரமா அடிக்குது, எடுக்க மாட்டீங்களா?" ஒரு பெண் குரல், மூக்கால் பேசியது. "ஒரு சந்தேகம். இந்த ஹாட் டாக்குல நாய் இருக்கா?"

பதில் சார் கண்ணை மூடிக்கொண்டார். நேற்றிலிருந்து அந்த நாய் எத்தனை தடவை குரைத்துவிட்டது என்று எண்ணுவதையே அவர் விட்டுவிட்டிருந்தார்.

"இல்லைம்மா. பேர்ல மட்டும்தான் நாய். உள்ள இருக்கறது கோழி."

"நிச்சயமா?"

"எங்க கேட்டுக்குள்ள ஒரு நாய் வந்து நான் பார்த்ததே இல்லைம்மா."

"வெளிய போயி?"

"வராத நாய் எப்படிம்மா வெளிய போகும்?"

"அதுவும் சரிதான்" என்று ஒப்புக்கொண்டு அந்தம்மாள் வைத்துவிட்டாள். பதில் சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, துண்டை மறுபடி மடித்துத் தயாராக வைத்துக்கொண்டார்.

பதில் சாருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். ஹாட் டாக் பாக்கெட்டின் பின்பக்க மூலையில் 'சந்தேகமா? உடனே கூப்பிடுங்கள்!' என்று பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கிறதே, அந்த எண்ணின் மறுமுனை அவர்தான். தொழிற்சாலையின் குளிர்க்கிடங்குச் சுவரை ஒட்டி ஒரு குட்டி அறை, ஒரு மேஜை, ஒரு டெலிஃபோன், ஓர் ஆள். பிரிவுக்குத் தலைவரும் அவரே, கடைநிலை ஊழியரும் அவரே.

வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ கால் வரும். மீதி நேரத்தில் தொழிற்சாலைக்குள் இருப்பவர்களுக்குப் பதில் சொல்வார். மகளை என்ன படிக்க வைக்கலாம், மாமியாருக்கு எந்த டாக்டரைப் பார்க்கலாம், மச்சினன் பேச்சை நம்பலாமா கூடாதா என்று, சாப்பாட்டு வேளையில் பாக்கிங் ஹால் பெஞ்சில் அவர் டிபன் பாக்ஸைத் திறப்பதற்குள் ஒரு கேள்வி வந்து விழுந்துவிடும். தெரிந்தால் சொல்வார். தெரியாவிட்டால், "நாளைக்குச் சொல்றேன்" என்பார். மறுநாள் கட்டாயம் சொல்வார்.

வினை திங்கட்கிழமை காலையில் புது மேனேஜர் மேடம் உருவில் வந்தது. மேடம் அதற்கு முன்னால் பிஸ்கட் கம்பெனியில் இருந்தவர். நடை, பேச்சு எல்லாவற்றிலும் ஒரு மொறுமொறுப்பு.

"இந்த ஃபோன் எதுக்கு?"

"ஜனங்க சந்தேகம் கேப்பாங்க மேடம்."

"சந்தேகம் வர்ற மாதிரி ஒரு சாமானை நாம ஏன் பண்றோம்?"

"நாளைக்குச் சொல்றேன் மேடம்."

"சரி. இந்த வாரம் முழுக்க கவனிக்கிறேன். இந்த ஃபோனுக்கு எவ்வளவு கால் வருதுன்னு பார்த்துட்டு, இந்தப் பிரிவை என்ன பண்றதுன்னு வெள்ளிக்கிழமை சொல்றேன்."

மேடம் போன பிறகு பதில் சார் நாற்காலியில் சாய்ந்து யோசித்தார். கால் வந்தால் ஜனங்களுக்குச் சந்தேகம் என்று அர்த்தம். சந்தேகம் என்றால் சாமானில் கோளாறு, அல்லது பதிலில் கோளாறு. இரண்டில் எதுவானாலும் தலை உருளப்போவது இவருடையதுதான். ஹாட் டாக்கைப் பற்றி மட்டுமே தெரிந்த, தலை நரைத்த மனிதருக்கு இந்த வயதில் யார் புதிதாக மேஜை போட்டுத் தருவார்கள்? ஆகவே இந்த வாரம் ஃபோன் வாயைத் திறக்கக் கூடாது.

அது ஒன்றும் பெரிய காரியமாகத் தோன்றவில்லை. சும்மா இருக்க அந்த ஃபோனுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன? வருஷக்கணக்காக அது பார்த்துவந்த உத்தியோகமே அதுதானே!

செவ்வாய்க்கிழமை காலை அது வாயைத் திறந்தது. அப்புறம் மூடவே இல்லை.

"ஹாட் டாக்குல என்னென்ன போடறீங்க?" என்றது ஒரு கட்டைக் குரல்.

"கோழிக்கறி, கொழுப்பு, உப்பு, மசாலா, ஐஸ்..."

"ஐஸா? கறிக்குள்ள ஐஸ் எதுக்கு?"

"நைஸா அரைக்கும்போது மெஷின் சூட்டுல கறி கெட்டுடக் கூடாதுல்ல, அதுக்குத்தான் சார்."

"அப்ப நான் காசு குடுத்துத் தண்ணியா வாங்கறேன்?"

வைத்த மறு நிமிஷம் இன்னொரு குரல். "சூடு பண்ணாம அப்படியே சாப்பிடலாமா?"

"ஏற்கெனவே வெந்ததுதான்ம்மா. இருந்தாலும் ஆவி பறக்கச் சூடு பண்ணிட்டே சாப்பிடுங்க. மாசமா இருக்கறவங்க, வயசானவங்கன்னா கட்டாயம் பண்ணணும்."

"நான் மாசமா இருக்கேன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லலைம்மா!"

"அப்ப வயசாயிடுச்சுன்னு சொல்றீங்களா?"

அன்றிலிருந்து இப்படித்தான். ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் எதிர் வரிசையில் மேடத்தின் அறைக் கதவு லேசாக அசைவது போல அவருக்குத் தோன்றியது. புதன்கிழமை காலை துண்டைக் கையில் எடுத்ததும் அதனால்தான். துண்டு போட்டும் பயனில்லை. எடுக்க நேரமானால், கூப்பிட்டவர்கள் கோபித்துக்கொண்டு மறுபடி மறுபடி கூப்பிட்டார்கள். ஒரு காலை மறைக்கப் போய் மூன்று கால் முளைத்தது.

போதாக்குறைக்கு சாப்பாட்டு வேளையில் வேறொன்று நடந்தது. பாக்கிங் ஹாலில் எல்லாரும் தலையோடு தலை சேர்த்துக் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். பதில் சார் உள்ளே நுழைந்ததும் சட்டென்று அடங்கிப்போனார்கள். அவர் டிபன் பாக்ஸைத் திறந்தார். ஒரு கேள்வியும் வந்து விழவில்லை.

"என்ன அண்ணே, உங்க மச்சினன் விஷயம் என்ன ஆச்சு?" என்று அவரே ஆரம்பித்துப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல சார், நீங்க சாப்பிடுங்க" என்றார் பாக்கிங் அண்ணன். பாக்கிங் ஹாலுக்கு அவர்தான் பொறுப்பு. எப்போதும் சாப்பாட்டைவிடக் கேள்வியை அதிகம் மெல்லுகிற ஆள்.

"ஏதாவது சந்தேகம்னா கேளுங்க."

"இப்போதைக்கு எல்லாம் தெளிவா இருக்கு சார்" என்றார் ஹாட் டாக் தோலை உரிக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்கிற உரிப்பு அக்கா, கூரையைப் பார்த்துக்கொண்டு.

பதில் சாருக்குப் புரிந்தது. விஷயம் இவர்கள் காதுக்கும் வந்துவிட்டது. போகப்போகிற மனுஷனிடம் எதற்குக் கேள்வி என்று நினைக்கிறார்கள் போலும். பேச்சை மாற்ற, காலையிலிருந்து மனதில் உருட்டிக்கொண்டிருந்த யோசனையைச் சொன்னார்.

"ஃபோன்ல எல்லாரும் கேக்கறதையே கேக்கறாங்க. பேசாம கேள்வியையும் பதிலையும் அச்சடிச்சு, ஒவ்வொரு பாக்கெட்டுக்குள்ளயும் ஒரு சீட்டா போட்டுட்டா என்ன?"

பாக்கிங் அண்ணனுக்குப் புரையேறியது. "வேணாம் சார்!"

"ஏன் வேணாம்?"

"எல்லாத்துக்கும் நீங்களே பதில் சொல்லிட்டா, அப்புறம் ஜனங்க கேக்க என்னதான் சார் மிச்சம் இருக்கும்?"

"அதுதானேய்யா எனக்கு வேணும்!"

உரிப்பு அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார். சுவரோரம் நின்றிருந்த ஸ்வெட்டர் மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். குளிர்க்கிடங்கில் வேலை பார்ப்பதால் வெயில் காலத்திலும் ஸ்வெட்டரோடு திரிகிற மனிதர் அவர். பேச்சு குறைவு. பேசினால் உண்மையைப் போட்டு உடைத்துவிடுவார். அக்கா அவர் காலை ஒரு மிதி மிதித்தார். ஸ்வெட்டர் வாயை மூடிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் துணி மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இத்தனை வருஷமா கூப்பிடாத ஜனங்க இப்ப மட்டும் ஏன் கூப்பிடறாங்க?" என்றார் இவர்.

"எனக்கென்னங்க தெரியும்?" என்றாள். சற்று யோசித்துவிட்டு, "ஒருவேளை உங்க மேனேஜரே ஆள் வச்சு உங்களைப் பரீட்சை பண்றாங்களோ?"

பதில் சார் எழுந்து நின்றுவிட்டார். அட! இது ஏன் தனக்குத் தோன்றவில்லை?

"உன் மூளை யாருக்குடி வரும்!"

"அதெல்லாம் இருக்கட்டும். யார் எவ்வளவு நேரம் கேட்டாலும் பொறுமையா, நீட்டி முழக்கிப் பதில் சொல்லுங்க. சீக்கிரம் வச்சுடாதீங்க" என்றாள் மனைவி.

வியாழக்கிழமை காலை பதில் சார் இரண்டு ஆயுதங்களோடு கிளம்பினார். ஒன்று, சீட்டு. அவரே டைப் அடித்து, அவரே நகல் எடுத்து, பாக்கெட் நகர்ந்துவரும் பெல்ட் பக்கத்தில் நின்று அவரே ஒவ்வொரு பாக்கெட்டுக்குள்ளும் செருகினார். 'நாய் இருக்கிறதா? இல்லை. ஐஸ் ஏன்? சூட்டுக்காக' என்று ஆரம்பித்து எல்லாம் அதில் இருந்தது. பாக்கிங் அண்ணன் துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது ஆயுதம், புகழ்ச்சி.

மதியத்துக்குள் முதல் கால் வந்தது.

"உங்க ஹாட் டாக் பாக்கெட்டுக்குள்ள ஒரு சீட்டு இருக்கு."

பதில் சாருக்கு வியப்பு தாங்கவில்லை. காலையில் பெல்ட்டில் போன பாக்கெட் மதியத்துக்குள் ஒரு வீட்டு அடுப்படிக்குப் போய்விட்டதா? நம் வியாபாரம் இவ்வளவு வேகமா!

"அதுல 'நாய் இல்லை'ன்னு போட்டிருக்கு. யாரும் கேக்காம இருக்கும்போதே இல்லைன்னு ஏன் அடிச்சுச் சொல்றீங்க?"

"நிறைய பேர் கேட்டாங்கம்மா."

"நிறைய பேருக்கு அந்தச் சந்தேகம் வந்துச்சா? அப்ப ஏதோ இருக்கு!"

"ஒண்ணும் இல்லைம்மா. புதுசா எங்க மேனேஜர் மேடம் வந்திருக்காங்க. தங்கமானவங்க. அவங்க இருக்கும்போது ஒரு நாய்க்குட்டி கூட..."

"யாரு, அந்த பிஸ்கட்டா?"

மறுமுனையில் 'ஐயையோ' என்று ஒரு சத்தம். பட்டென்று வைக்கப்பட்டது.

பதில் சார் ரிசீவரையே உற்றுப் பார்த்தார். மேடம் பிஸ்கட் கம்பெனியிலிருந்து வந்தது வெளியே யாருக்குத் தெரியும்? மனைவி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கூப்பிடுவதெல்லாம் மேடத்தின் ஆள்கள்!

அன்று வந்த ஒவ்வொரு காலுக்கும் மேடத்தின் புகழ் இலவச இணைப்பாகப் போனது.

"சீட்டையும் சேர்த்து வேக வச்சுட்டேங்க. சாப்பிடலாமா?"

"சீட்டை எடுத்துப் போட்டுட்டு, புதுப் பாக்கெட் பிரிச்சுக்கோங்கம்மா. மேடம் ரொம்ப இளகின மனசு, மாத்திக் குடுக்கச் சொல்லுவாங்க."

"சின்னக் குழந்தைக்குக் குடுக்கலாமா?" என்று ஓர் ஆண் குரல் கேட்டபோது மட்டும் அவருக்கு மேடம் மறந்துபோனார். பரீட்சையும் மறந்துபோனது.

"குழந்தைக்கு என்ன வயசுங்க? வட்ட வட்டமா நறுக்கி மட்டும் குடுத்துடாதீங்க. தொண்டையில அப்படியே அடைச்சுக்கும். நீளவாக்குல கீறி, அதையும் பொடியா நறுக்குங்க. பக்கத்துலயே உக்காந்து ஊட்டுங்க. அடிக்கடி வேணாம், உப்பு ஜாஸ்தி. அழுதா வேற எதையாவது காட்டி ஏமாத்துங்க."

"இது எனக்கு நிஜமாவே தெரியாது சார்" என்றது குரல், ஒரு மாதிரி தணிந்துபோய். "நான் வட்டமாத்தான் நறுக்கிக் குடுத்துட்டிருந்தேன்."

பதில் சார் ரிசீவரை வைத்துவிட்டுச் சும்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வேலை போனால் தனக்குச் சம்பளம் மட்டும் போகாது என்று அப்போதுதான் உறைத்தது.

நிம்மதியாக அரை மணி நேரம் கூட ஆகவில்லை. அடுத்த கால், கல்லைத் தூக்கித் தலையில் போட்டது.

"ஏங்க, ஹாட் டாக் மேல நீளமா ஒரு நீலக் கோடு இருக்கு. கண்ணாடிக் காகிதம் மாதிரி உரிஞ்சு வருது. அது என்னங்க?"

பதில் சார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

அந்தத் தொழிற்சாலையில் நீலக் கோடு என்றால் சாதாரண விஷயம் இல்லை. அரைத்த கறியைக் கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய குழாய்த் தோலில் அடைத்துத்தான் வேக வைப்பார்கள். வெந்த பிறகு உரிப்பு மெஷின் ஆவியடித்து, சின்னதாகக் கீறி, அந்தத் தோலை உருவி எறிந்துவிடும். உரியாமல் ஒன்று தப்பினால் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகத்தான் தோலில் நீலக் கோடு. வாங்கியவர் வீட்டில் கோடு தெரிகிறது என்றால் உரிப்பு மெஷின் காலை வாரிவிட்டது என்று பொருள்.

"அம்மா, அதைச் சாப்பிடாதீங்க, உரிச்சுப் போட்டுடுங்க. விஷமெல்லாம் இல்லை, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு, ரிசீவரை எங்கே வைத்தோம் என்று கூடப் பார்க்காமல் உரிப்பு ஹாலுக்கு ஓடினார்.

"நிறுத்துங்க! மெஷினை நிறுத்துங்க!"

உரிப்பு அக்கா சிவப்புப் பொத்தானை அமுக்கினார். "என்ன சார் ஆச்சு?"

"கோடு! வெளிய ஒரு வீட்டுல கோடு வந்திருக்கு!"

அக்காவின் முகம் மாறியது. அந்த மெஷினை அவர் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறவர். தினமும் துடைத்து, எண்ணெய் போட்டு, வெளியூர் போனால் அதற்கு என்ன ஆச்சோ என்று கவலைப்படுகிறவர்.

"என் மெஷின்லயா? கோடா? யார் சார் சொன்னது?"

"ஒரு அம்மா, ஃபோன்ல."

"ஓ, ஃபோன்லயா..."

அக்கா கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். அங்கே பாக்கிங் அண்ணன் சட்டென்று குனிந்து, கட்டாத ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தார். அவர் போட்டிருந்தது ரப்பர் பூட்ஸ்.

அக்கா விறுவிறுவென்று கதவைத் தள்ளிக்கொண்டு போனார். "ஊர்ல சொல்றதுக்கு வேற எதுவுமே கிடைக்கலியா? என் மெஷின்தான் கண்ணை உறுத்துச்சா?"

"சத்தியமா எனக்குத் தெரியாது அக்கா, இங்க நின்னுக்கிட்டே நான்..."

"பேசாதீங்க! இன்னொரு தடவை கோடு கீடுன்னு காதுல விழுந்துச்சு, உங்களை உரிச்சுடுவேன்!"

பாக்கிங் பக்கம் சரியாகப் பார்க்காமல் விட்டதற்காக அக்கா கோபப்படுகிறார் என்று பதில் சார் எடுத்துக்கொண்டார். நடுவில் புகுந்து சமாதானம் செய்தார். அப்புறம், அன்றைக்குச் செய்த சரக்கையெல்லாம் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்க்க வைத்தார். மொத்தத் தொழிற்சாலையும் பெல்ட்டின் இருபுறமும் நின்று, கண் வலிக்க வலிக்கக் கோடு தேடியது. ஒரு கோடும் இல்லை. வேன் கிளம்ப வேண்டிய நேரத்துக்கு ரொம்பப் பிந்திக் கிளம்பியது. கடைகளிலிருந்து மேடத்துக்குக் கோபமாகக் கால்கள் பறந்தன.

"எதுக்கு மெஷினை நிறுத்தினீங்க?"

"ஒரு ஃபோன் வந்துச்சு மேடம்..."

"ஒரு ஃபோனுக்கா?" மேடத்தின் புருவம் உயர்ந்தது. "நாளைக்கு வெள்ளிக்கிழமை. ஞாபகம் இருக்கில்ல?"

பதில் சாருக்கு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கடைசி ஆயுதத்தை எடுத்தார். ரிசீவரை எடுத்து மேஜை மேல் மல்லாக்கப் படுக்க வைத்தார். அது 'கீங்ங்...' என்று கொஞ்ச நேரம் புலம்பிவிட்டு ஓய்ந்தது. அறையில் அமைதி. பதில் சார் கைகளைக் கட்டிக்கொண்டு, பிரிவின் தலைவருக்குரிய மிடுக்கோடு உட்கார்ந்திருந்தார்.

கொஞ்ச நேரத்தில் வராந்தாவுக்கு அந்தப் பக்கம் மேடத்தின் ஃபோன் அடித்தது. நின்றது. அடித்தது. மறுபடி அடித்தது.

அறைக் கதவு படாரென்று திறந்தது.

"ஹாட் டாக் பாக்கெட்ல பத்து இருக்கு. பன் பாக்கெட்ல எட்டு இருக்கு" என்றார் மேடம், மூச்சு வாங்க. "மிச்சம் ரெண்டு ஹாட் டாக்கை என்ன பண்றதுன்னு ஒருத்தர் என்னைக் கேக்கறார். என்ன பண்றது?"

"நாலு பாக்கெட் ஹாட் டாக், அஞ்சு பாக்கெட் பன் வாங்கினா சரியா வந்துடும் மேடம்."

"நானும் கணக்குப் போட்டு அதைத்தான் சொன்னேன். அவ்வளவையும் உங்க வீட்டுலயா உக்காந்து சாப்பிடறதுன்னு கேக்கறார்! இன்னொருத்தர் நாய் இருக்கான்னு கேக்கறார். இதெல்லாம் ஏன் எனக்கு வருது? உங்க ஃபோன் என்ன..."

மேடத்தின் பார்வை மேஜை மேல் படுத்திருந்த ரிசீவரில் நிலைத்தது.

"இது ஏன் இப்படிக் கிடக்கு?"

"கொஞ்சம் ஓய்வு குடுக்கலாம்னு மேடம்... ஒரு வாரமா ரொம்ப உழைச்சுடுச்சு."

மேடம் ரிசீவரை எடுத்து அதன் இடத்தில் வைத்தார். கை எடுப்பதற்குள் அது அலறியது. மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஸ்பீக்கரைப் போட்டுப் பேசுங்க. நான் கேக்கணும்."

பதில் சார் பொத்தானை நோக்கி விரலை நீட்டினார். கூப்பிடுவது மேடத்தின் ஆள் என்றால், மேடம் ஏன் இப்படி உற்றுப் பார்க்கிறார்? பொத்தானை அமுக்கினார்.

"வணக்கம்ங்க... கேள்வி பதில் பிரிவு."

"வணக்கம் சார்." ஒரு பெண், கொஞ்சம் தயங்கித் தயங்கிப் பேசினாள். "ஒரே ஒரு கேள்விதான். ஹாட் டாக் உடம்புக்கு நல்லதா? எங்க வீட்டுக்காரர் தினமும் கேக்கறார். தினமும் குடுக்கலாமா?"

பதில் சார் மேடத்தைப் பார்த்தார். மேடம் இவரைப் பார்த்தார். 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கம்பெனி ஒரு பாக்கெட் அதிகமாக விற்கும். மேடம் புன்னகைப்பார். மேஜை தப்பிக்கும். 'ஆ' என்று வாயைத் திறந்தார் பதில் சார்.

வாய் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

"தினமும் வேணாம்மா" என்றார். "உப்பு ஜாஸ்தி, கொழுப்பு ஜாஸ்தி. சிவப்பா இருக்கவும் கெடாம இருக்கவும் போடற உப்பு வேற தனி. இந்த மாதிரி பதப்படுத்தின கறியை டாக்டருங்க குறைச்சுக்கச் சொல்றாங்கன்னா, சும்மா சொல்லலை. எப்பவாவது ஆசைக்கு ஒண்ணு சாப்பிடட்டும். கூடவே காய் நிறைய வச்சுக் குடுங்க. ஏற்கெனவே ரத்தக்கொதிப்பு கிதிப்பு இருந்தா, அவர் டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க."

"நீங்க செய்யற சாமானை நீங்களே இப்படிச் சொல்லலாமா சார்?"

"நீங்க கேட்டீங்களேம்மா" என்றார் பதில் சார், பரிதாபமாக.

ஃபோன் அடங்கியது. பதில் சார் எழுந்து, துண்டை உதறி மடித்துப் பையில் வைத்தார். கண்ணாடிக் கூட்டை எடுத்து வைத்தார். சுவரில் மாட்டியிருந்த மேல்சட்டையை எடுத்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"நீங்க சொல்றதுக்கு முன்னால நானே போயிடலாம்னுதான் மேடம். இவ்வளவு கால் வரும்னு நான் நினைக்கலை. எவ்வளவோ குறைக்கப் பார்த்தேன்..."

"குறைக்கப் பார்த்தீங்களா?" மேடம் விழித்தார். "நான் இந்தப் பிரிவை மூடலாம்னு இருந்ததே, கால் வராததாலதான்! யாரும் கூப்பிடாத ஃபோனுக்கு எதுக்கு ஒரு ஆள், பதிவு பண்ணின குரலைப் போட்டுட்டுப் போயிடலாமேன்னு நினைச்சேன். திங்கட்கிழமை பாக்கிங் ஹால்ல நின்னு கூட இதைத்தான் சொல்லிட்டிருந்தேன்."

பதில் சார் சட்டையைப் பிடித்தபடியே நின்றார்.

"ஆனா ஜனங்க இந்தக் கூப்பாடு கூப்பிடறாங்க. எடுக்கலேன்னா என்னையே தேடி வர்றாங்க. இப்பத்தானே புரியுது ஏன்னு. பிஸ்கட் கம்பெனியில இதே கேள்விக்கு 'அளவோட சாப்பிடுங்க'ன்னு சொல்லிட்டு வச்சுடுவோம். யாரும் ரெண்டாவது தடவை கூப்பிட்டது கிடையாது." மேடம் எழுந்தார். அந்த வாரத்தில் முதன்முறையாக அவர் முகத்தில் மொறுமொறுப்பு குறைந்திருந்தது. "உக்காருங்க. நீங்க எங்கயும் போகலை. ஒரு ஃபோன் பத்தாது. அடுத்த வாரம் உங்க மேஜைக்கு இன்னொரு ஃபோன் வருது."

மேடம் போன பிறகு பதில் சாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சட்டையைப் போட்டார். பொத்தானை மாற்றிப் போட்டார். பாக்கிங் ஹாலை நோக்கி ஓடினார். ஓடும்போது, முகம் தெரியாத அந்த ஜனங்களையெல்லாம் மனசுக்குள் கையெடுத்துக் கும்பிட்டார். மூக்கால் பேசினவள், ஐஸுக்குச் சண்டை போட்டவன், சீட்டை வேக வைத்தவள், ஒருவர் பாக்கியில்லாமல்.

சாப்பாட்டு வேளை. எல்லாரும் பெஞ்சில் இருந்தார்கள். அவர் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்கள்.

"வேலை போகலை!" என்று கூவினார் பதில் சார்.

ஹால் அதிர்ந்தது. பாக்கிங் அண்ணன் டிபன் பாக்ஸ் மூடியைத் தட்டித் தாளம் போட்டார். உரிப்பு அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அது மட்டும் இல்ல! ஜனங்க இவ்வளவு கூப்பிடறதைப் பார்த்துட்டு, மேடம் எனக்கு இன்னொரு ஃபோன் தர்றாங்க! அடுத்த வாரத்துலேர்ந்து ரெண்டு ஃபோன்!"

தாளம் நின்றது. அண்ணன் அக்காவைப் பார்த்தார். அக்கா கூரையைப் பார்த்தார். யாரும் கை தட்டவில்லை.

"என்ன, சந்தோஷம் இல்லையா?" என்றார் பதில் சார், ஒன்றும் புரியாமல்.

ஸ்வெட்டர் இடிந்துபோய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். அக்கா அவர் காலைத் தேடுவதற்குள் வாயைத் திறந்துவிட்டார்.

"ரெண்டு ஃபோனா? என்ன சார் இது அநியாயம்... ஒரு ஃபோனுக்கே எங்க வீட்டு ஆளுங்க, உங்க வீட்டு அம்மா, எல்லாரும் குரலை மாத்தி மாத்திக் கேட்டுக் கேள்வியெல்லாம் தீர்ந்துபோச்சு, இன்னொண்ணுக்கு நாங்க எங்க சார் போவோம்?"